பறிமுதல் செய்யப்பட்ட மரக்கட்டை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஏதாவது செய்தது என்றால், அது எங்கள் பொருள் காப்பகத்தின் பாதுகாப்பு நடைமுறைகள்தான். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். அந்த நடைமுறைகளை எழுதியவன் நான் என்பதால் எனக்குத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்தில் ஆயிரம் நாட்களாக ஒரு விபத்துகூட நடக்கவில்லை. நம்பாதவர்கள் வாசலுக்கு வந்து பலகையைப் பார்த்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், கறுப்பு மையில்.

பொருள் காப்பகம் என்றால் என்னவென்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். பாவம், அவர்கள் வீட்டில் இடம் இருக்கிறது போலிருக்கிறது. வீட்டில் இடம் இல்லாதவர்களும், இடம் இருந்தும் சில சாமான்களின் முகத்தில் விழிக்கப் பிடிக்காதவர்களும் எங்களிடம் மாத வாடகைக்கு ஓர் அறை எடுப்பார்கள். சாமானை அடுக்கி, ஷட்டரை இழுத்து, சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். மூன்று மாடிகளில் நூற்றிருபது அறைகள். யாரும் படுக்காத கட்டில்கள், யாரும் படிக்காத புத்தகங்கள், பிரிந்துபோன தம்பதிகளின் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் அங்கே தூசு படாமல் இருக்கின்றன.

நாற்பத்தேழாம் அறையில் ஒரு நடைப்பயிற்சி இயந்திரம் இருந்தது. அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வாங்கினாராம். வாரம் தவறாமல் காரில் வந்து இறங்கி, லிஃப்டில் ஏறி, இயந்திரத்தின் எதிரே நாற்காலி போட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடமையை முடித்த முகத்தோடு திரும்பிப் போவார். எங்கள் ஆட்கள் அவருக்கு நடைராஜா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடச் சொன்னதில்லை.

நான் இங்கே பாதுகாப்பு அலுவலர். வாசலுக்கு இடப்பக்கம் என் அறை. நான் வந்த பிறகு நடந்த சீர்திருத்தங்களைச் சும்மா சொல்லக் கூடாது. நாற்பது தலைக்கவசங்கள் வாங்கினோம். அழுக்குப் பட்டுவிடும் என்பதால் இன்றுவரை பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அவசர வழிக் கதவை அவசரமே இல்லாதவர்கள்கூடத் திறந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள், அதைப் பூட்டினேன். அவசரம் உள்ளவர்கள் காரணத்தை எழுதிக் கொடுத்துச் சாவி பெற்றுக்கொள்ளலாம். தீயணைப்புக் கருவிகளின் மேல் யார் யாரோ சட்டையைக் கழற்றி மாட்டினார்கள். கருவிகள் அத்தனையையும் கழற்றி மூன்றாம் அறையில் வைத்தேன். மூன்றாம் அறை எங்கள் கட்டடத்தின் பெருமை. குளிரூட்டப்பட்டது, இரண்டு பூட்டு, ஒரு கேமரா. உள்ளே போன பொருளுக்கு ஒரு கீறல்கூட விழாது.

தவிர, தினமும் காலையில் ஜெனரேட்டர் பக்கத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஏழு நிமிடம் ‘ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி’ நடத்துகிறோம். இருமல் வந்தால் எதிர்மறை எண்ணங்கள் வெளியேறுகின்றன என்று மேனேஜர் விளக்கியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு எதிர்மறை எண்ணங்கள் மிக அதிகம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வாசல் பலகை. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தகர எண்களைக் கொக்கியில் மாட்டியிருப்போம். தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி நான்தான் எண்ணை மாற்றுவேன். ஏணியில் ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதுவும் நான் எழுதியதுதான். பிடிப்பவன் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே தம்பி. இங்கே லோடுமேன். வேலை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். ஆறு மாதக் கைக்குழந்தைக்குத் தகப்பன், வெள்ளந்தியான ஆள். வீட்டில் வாய் நிறைய ‘மாமா’ என்பான். வேலை இடத்தில் உறவு கொண்டாடக் கூடாது என்பதால், கேட்டுக்குள் கால் வைத்ததும் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். பீரோவைத் தோளில் சுமக்கும்போதும் சிரித்துக்கொண்டிருப்பான். சிரித்துக்கொண்டே பாரம் தூக்குவது முதுகுக்கு நல்லதல்ல என்று ஒருமுறை எழுத்து மூலம் எச்சரித்திருக்கிறேன்.

தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் நாள் காலை, நான் ஏணியின் உச்சியில் இருக்கும்போது கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

“மாமா, அந்த நாப்பத்தேழாம் ரூம்...”

“சார்.”

“சரி சார். அந்த ரூம் ஷட்டர் தானா இறங்குது சார். ஸ்பிரிங் போயிடுச்சு. தூக்கி விட்டா ரெண்டு நிமிஷம் நிக்குது, அப்புறம் சொல்லாம கொள்ளாம தடால்னு விழுது. யார் மேலயாவது விழுந்துடப் போகுது.”

“வாயால சொன்னா காத்தோட போயிடும். படிவம் ஒன்பதுல எழுதிக் குடு.”

“ஒரு ஸ்பிரிங்தானே சார். ஷட்டர்காரருக்கு ஒரு போன் போட்டா...”

“ஏணியை ஒழுங்கா பிடி.”

படிவம் ஒன்பது என்பது ‘அபாய அறிவிப்புப் படிவம்’. பொறுப்பானவன், அன்றைக்கே எழுதிக் கொடுத்தான். நீல மையில் எழுதியிருந்தான், திருப்பி அனுப்பினேன். இரண்டாவது முறை கறுப்பு மையில் எழுதினான், ஆனால் ‘ஷட்டர்’ என்று எழுதியிருந்தான். விதிப் புத்தகத்தில் ‘உருள்கதவு’ என்றுதான் இருக்கிறது. மூன்றாவதில் உருள்கதவு சரியாக இருந்தது, சாட்சிக் கையெழுத்து இல்லை. நாலாவதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நடைராஜா. வாடிக்கையாளர் சாட்சியாக இருக்க முடியாது. ஐந்தாவதில் டீக் கறை. இப்படிப் பதினோரு படிவங்கள். பதினொன்றாவதில் நான் எவ்வளவு தேடியும் ஒரு குறையும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் அதைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினேன்.

பாதுகாப்புக் குழு என்றால் மேனேஜர், வரவேற்பறைப் பெண், நான். கூட்டம் நடந்த விதத்தைச் சொல்வதற்கு முன் மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அறை வாசலிலும் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். கோட்டுக்கு உள்ளே என்ன நடந்தாலும் வாடிக்கையாளர் பொறுப்பு, வெளியே என்ன நடந்தாலும் எங்கள் பொறுப்பு. ஷட்டர் இறங்குவதோ சரியாகக் கோட்டின் மேல்.

“மேல சுருண்டு இருக்கும்போது அது நம்ம ஷட்டர்,” என்று ஆரம்பித்தார் மேனேஜர். “கீழ இறங்கிப் பூட்டு போட்டதும் அது அவங்க ஷட்டர். இதுல யாருக்கும் சந்தேகம் இல்லையே?”

“விழும்போது சார்?” என்று கேட்டாள் வரவேற்பறைப் பெண்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். டீ ஆறிப் போனது.

“விழும்போது அது யாரோடதும் இல்லம்மா. வழியில இருக்கு.”

“அப்ப ரிப்பேர் யார் பண்றது சார்?”

“விழுந்து முடியட்டும். எந்தப் பக்கம் கிடக்குதுன்னு பார்த்து முடிவு பண்ணிக்கலாம்.”

பல்கலைக்கழகத்தில் பேச வேண்டிய மனிதர், எங்கள் அதிர்ஷ்டம், இங்கே இருக்கிறார். ‘உருள்கதவு தொடர்ந்து கண்காணிக்கப்படும்’ என்று தீர்மானம் எழுதினேன். மீதி நேரம் முழுக்க ஆயிரமாவது நாள் விழாவைப் பற்றிப் பேசினோம். தலைமை அலுவலகத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வருவார், கேடயம் தருவார். அவர் கையால் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பு ஷூ வழங்கப்படும். பன்னிரண்டு ஜோடி ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. நுனியில் இரும்புத் தகடு வைத்தவை. அம்மிக்கல் விழுந்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது. விழாவுக்குள் யாராவது போட்டு அழுக்காக்கிவிடக் கூடாதே என்று அவற்றை மூன்றாம் அறையில் வைத்துப் பூட்டினேன்.

மச்சானுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது.

“சார், ஒரு ஜோடி மட்டும் இப்பவே குடுத்தா நல்லாருக்கும். செருப்பைப் போட்டுக்கிட்டு அந்த ஷட்டருக்கு அடியில போய் வர பயமா இருக்கு.”

“விழாவுல சீஃப் கெஸ்ட் கையால வாங்குறது எவ்வளவு பெருமை! போட்டோ எடுப்பாங்க.”

“போட்டோல கால் தெரியுமா சார்?”

இந்த மாதிரி எகத்தாளமான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஸ்பிரிங்கும் வராது, ஷூவும் வராது என்று தெரிந்ததும் அவன் ஒரு காரியம் செய்தான். உடைந்துபோன கட்டில் சட்டம் ஒன்றைத் தோள் உயரத்துக்கு அறுத்தான். இரண்டு முனையிலும் பழைய டயர் ரப்பரை ஆணி அடித்தான். நாற்பத்தேழாம் அறையில் வேலை இருந்தால், ஷட்டரைத் தூக்கி ஓரமாக இந்தக் கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு உள்ளே போவான். வேலை முடிந்ததும் கட்டையை எடுத்து வெளியே சுவரில் சாய்த்து வைப்பான். நடைராஜாவும் அவனிடம் கேட்டு அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அந்த ஷட்டர் ஒரு நாளும் விழவில்லை. இது கண்காணிப்பின் பலன் என்று அடுத்த தீர்மானத்தில் எழுதினேன்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் நாள், விழாவை முன்னிட்டு ‘மாபெரும் அபாய ஒழிப்பு ஆய்வு’ நடத்தினேன். கையில் அளவு நாடா, கழுத்தில் கேமரா, பையில் சிவப்பு அட்டைகள். முதல் மாடி நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது என் கால் எதிலோ இடறியது. பார்த்தால் அந்தக் கட்டை. நடைபாதையில் ஒன்பது சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. அங்கீகார முத்திரை இல்லை. வரிசை எண் இல்லை. தடுக்கி விழும் அபாயம் கண்கூடு, நானே சாட்சி. படம் எடுத்தேன். ‘அங்கீகரிக்கப்படாத பொருள், பறிமுதல்’ என்று சிவப்பு அட்டையில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கட்டையின் கழுத்தில் கட்டினேன். பிறகு தோளில் சுமந்துகொண்டு போய் மூன்றாம் அறையில் ஷூக்களுக்குப் பக்கத்தில் பத்திரமாக நிறுத்தினேன்.

அன்று மச்சான் குழந்தைக்குத் தடுப்பூசி போட லீவு எடுத்திருந்தான். மறுநாள் அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட விஷயங்களைச் சுற்றறிக்கை மூலம்தான் தெரிவிக்க வேண்டும். சுற்றறிக்கை எழுதியாகிவிட்டது, டைப் ஆகி வரவில்லை.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் நாள் நடைராஜா வந்தார். “டாக்டரை மாத்திட்டேன்,” என்றார். “இவர் நீச்சல்தான் நல்லதுங்கிறார். மெஷினை வித்துட்டேன், கீழ வண்டி நிக்குது.” மச்சானை அழைத்துக்கொண்டு மேலே போனார். நான் வாசலில் மைக் முன்னால் நின்று, விழாவில் எல்லோரும் எடுக்க வேண்டிய உறுதிமொழியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ‘விழிப்பே என் மூச்சு’ என்ற வரியில் இருந்தபோது முதல் மாடியில் தடால் என்று ஒரு சத்தம். பின்னாலேயே ஓர் அலறல்.

“மாமா!”

வேலை நேரத்தில் ‘மாமா’. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடி மைக்கை விட்டுவிட்டுப் படிக்கட்டுக்குப் பாய்ந்தேன். எப்படி மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. நடைபாதையில் ஓடக் கூடாது என்கிற விதியையும் அன்று மீறினேன்.

மச்சான் அறைக்குள் மல்லாந்து கிடந்தான். ஷட்டரின் அடி இரும்பு அவன் இடது பாதத்தின் மேல் இருந்தது. காலில் ரப்பர் செருப்பு. நடைராஜா மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், சரியான இடத்தில், நின்றுகொண்டிருந்தார்.

“மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று என்னைக் கேட்டார்.

ஷட்டரைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கிவிட்டேன், விட முடியவில்லை. விட்டால் திரும்பவும் அவன் மேலேயே விழும். முட்டுக் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. நடைராஜாவுக்கோ பாரம் தூக்கக் கூடாத உடம்பு. வரவேற்பறைப் பெண் ஓடி வந்து அவன் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுக்கும்வரை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த இரண்டு நிமிடம் நான்தான் மரக்கட்டை.

“கட்டை எங்க மாமா?” என்று முனகினான். “இங்கதான் சாய்ச்சு வெச்சிருந்தேன். தேடிப் பார்த்தேன், காணோம். ரெண்டு நிமிஷம் நிக்கும்னு நம்பி உள்ள போயிட்டேன்.”

எனக்கு மூச்சு வாங்கியது. அன்று காலையில்தான் ஏழு நிமிடம் பயிற்சி செய்திருந்தேன்.

முதலுதவிப் பெட்டிக்கு விழாவை முன்னிட்டுப் புதிதாகச் சீல் வைத்திருந்தோம். வரவேற்பறைப் பெண் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். சீல் உடையவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பாரம் தூக்குவதெல்லாம் கனவிலும் நடக்காது என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னார். அவள் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பலகையைச் சுழியம் ஆக்க வேண்டுமே என்ற நினைப்போடு போனேன். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

“உங்க விதிப் புத்தகம் மூணாம் பக்கத்தை எடுங்க. விபத்துன்னா என்னன்னு எழுதியிருக்கீங்க?”

“‘யாரும் எதிர்பாராமல், யாருடைய செயலாலும் அன்றி நிகழ்வது’ சார்.”

“யாரும் எதிர்பாராமல்! உங்க மச்சான் எத்தனை படிவம் குடுத்திருக்கார்?”

“பதினொண்ணு சார்.”

“பதினோரு தடவை எதிர்பார்த்திருக்கார். அப்புறம் எப்படிய்யா இது விபத்து ஆகும்?”

நான் எழுதிய வரியில் இவ்வளவு ஆழம் இருப்பது எனக்கே தெரியாது.

“இருந்தாலும் ஒரு பேப்பர் வேணும்,” என்றார். “தன்னோட கவனக்குறைவால, சொந்த விருப்பத்துல, சாப்பாட்டு இடைவேளையில உள்ள போனதா எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. கையெழுத்துப் போட்டா நஷ்ட ஈடு கிஷ்ட ஈடுன்னு எதுவும் கேட்க முடியாது, அது அவருக்கும் நிம்மதி. வேலை பத்திரமா இருக்கும்னு சொல்லுங்க.”

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி குழந்தையைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். மச்சான் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

“வாங்க சார்.”

“இங்க என்னடா சார்? மாமான்னு கூப்பிடு.”

“பழகிடுச்சு சார்.”

பேப்பரை நீட்டினேன். படித்தான். ‘எனது கவனக்குறைவால்’ என்ற இடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“இதுவும் சரிதான்,” என்றான். “யாரோ கட்டையை எடுத்துட்டாங்க. அது இல்லைன்னு தெரிஞ்சும் நான் போயிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்.”

யாரோ. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சுற்றறிக்கை என் பையில்தான் இருந்தது, அன்று காலைதான் டைப் ஆகி வந்திருந்தது. எடுக்கவில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

“கறுப்பு மைதானே சார்?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

ஆயிரமாவது நாள் விழா அமர்க்களமாக நடந்தது. தலைக்கவசங்களை மேசை மேல் அடுக்கியிருந்தோம், உறையோடு. சிறப்பு விருந்தினர் எங்கள் பலகையைப் பார்த்துக் கண் கலங்கினார். ‘இங்கே பொருள்களுக்கே இவ்வளவு பாதுகாப்பு என்றால் மனிதர்களுக்கு எப்படி இருக்கும்!’ என்று பேசினார். கைதட்டல் அடங்க நேரமானது. எனக்குக் கேடயமும் பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஜோடி ஷூ வழங்கப்பட்டது. மச்சானின் ஜோடியை அவன் சார்பில் நான் வாங்கிக்கொண்டேன். போட்டோவில் கால் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மேசை மேல் வைத்தேன். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஷூ பெட்டியைத் திறந்து ஒற்றை ஷூவை எடுத்து நுனியை விரலால் சுண்டிப் பார்த்தாள். இரும்பு ‘டங்’ என்றது. உள்ளே வைத்துவிட்டுப் பாராட்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்தாள். படிக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதில் என் சாதனைகளை மேனேஜர் வரிசையாக எழுதியிருந்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“‘நாற்பத்தேழாம் அறை முன்பு கிடந்த ஆபத்தான மரக்கட்டையைத் துணிச்சலுடன் தனியொருவராக அகற்றியமைக்காக...’”

பத்திரத்தை இறக்கி என்னைப் பார்த்தாள்.

“ஏங்க. இது அவன் வெச்ச கட்டையா?”

“விதிப்படி அது அங்கீகரிக்கப்படாத...”

“அவன் வெச்ச கட்டையான்னு கேட்டேன்.”

“ஆமா.”

“யாரோ எடுத்துட்டாங்கக்கா, யாரோ எடுத்துட்டாங்கக்கான்னு மூணு நாளா புலம்புறான். நீங்களும் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

நான் கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பளபளப்பு.

“அந்தக் கட்டை இப்ப எங்க இருக்கு?”

“மூணாம் ரூம்ல.” எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. “ஏசி இருக்கு. ரெண்டு பூட்டு. கேமரா. ஒரு கீறல்கூட விழல.”

“இந்த ஷூ?”

“அதுவும் அங்கதான் இருந்தது. ஒரு மாசமா.”

அவள் பத்திரத்தை மடித்து ஷூ பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“அப்ப என் தம்பியையும் அங்கேயே வெச்சுப் பூட்டியிருக்கலாமே,” என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். ‘பாதம் பாதிக்கப்பட்டவரைப் பாரம் தூக்கும் பணியில் வைத்திருப்பது பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது என்பதால், அவரது நலன் கருதி அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’ விதி நான் எழுதியது. கீழே என் பெயருக்கு மேல் இடம் விட்டிருந்தது.

“வேலை பத்திரமா இருக்கும்னு சொன்னீங்களே சார்,” என்றேன்.

“வேலை பத்திரமாத்தான்யா இருக்கு. நாளைக்கே வேற ஆள் வர்றார்.”

கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்தில் கறுப்புப் பேனாவின் மை தீர்ந்துவிட்டது. இரண்டு முறை அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

தகர எண்ணை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ஏணியைச் சாய்த்தேன். முந்தைய இரண்டு நாளும் விழாவுக்குப் பந்தல் போட வந்தவர்கள் பிடித்தார்கள், அன்று பிடிக்க ஆள் இல்லை. பிடிக்க ஆள் இல்லாமல் ஏறக் கூடாது. கொஞ்ச நேரம் ஏணிக்குக் கீழேயே நின்றுவிட்டு, எண்ணைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன். பலகை ஆயிரத்திலேயே நிற்கிறது.

அதில் பொய் ஒன்றும் இல்லை. மேனேஜர் சொன்னது சரிதான், நாற்பத்தேழாம் அறையில் விபத்து நடக்கவில்லை. யாரும் எதிர்பாராமல், யாருடைய செயலாலும் அன்றி நிகழ்வதுதான் விபத்து. இதை ஒருவன் பதினோரு தடவை எதிர்பார்த்தான். மேனேஜர் அன்றைக்குப் பாதி வரியோடு நிறுத்திவிட்டார். மீதிப் பாதிக்கு மூன்றாம் அறையில் ஒரு சிவப்பு அட்டை இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படிவம் ஒன்பதை எடுத்தேன். பன்னிரண்டாவது. ‘அபாயம் எது?’ என்ற கட்டத்தில் ‘பாதுகாப்பு அலுவலர்’ என்று எழுதினேன். ‘எங்கே உள்ளது?’ என்ற கட்டத்தில் ‘வாசலுக்கு இடப்பக்க அறை, நாற்காலியில்’ என்று எழுதினேன். ‘எடுக்க வேண்டிய நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ‘உடனடியாக அகற்றவும்’ என்று எழுதினேன். வரவேற்பறைப் பெண் மறுபேச்சுப் பேசாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

படிவம் முறைப்படி பாதுகாப்பு அலுவலரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துப் பார்த்தேன். நீல மையில் எழுதியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன்.